கசடுமேட்டுச் சுணைப்பூடு

அவளுடைய வலது கட்டைவிரல் எப்போது பார்த்தாலும் பீட்ரூட் நிறத்தில்தான் இருக்கும். சோப்பு, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார் எதற்கும் மசியாத சாயம் அது. செடியின் வேர்நுனியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்துவது அவள் வேலை. அழுத்தின அழுத்தில் செல்கள் நசுங்கிப் பரவும். பரவின செல்லுக்குள் குரோமோசோம்கள் குட்டிக்குட்டிக் குச்சிகளாகக் கிடக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அவற்றை எண்ண வேண்டும். தாவர ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே அவளுக்கு ஒரு மேஜையும் ஒரு ஜன்னலும் இருந்தன.

“எண்ணுறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?” என்று நாத்தனார் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

இவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்ததும் நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு டப்பாவை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து உள்ளே எறும்பு இருக்கிறதா என்று இவள் பார்த்தாள். அன்றைக்கு ஒட்டின பெயர், இன்றுவரை போகவில்லை. சந்தோஷமாக இருக்கும்போது நாத்தனார் வாய் நிறைய “பூதக்கண்ணாடி!” என்று கூப்பிடுவாள். கோபமாக இருந்தால் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். கோபத்தின் அளவு தெரிய வேண்டுமென்றால் அதைக் கவனித்தால் போதும்.

நாத்தனார் இவள் கணவனுக்கு அக்கா, தையல்காரி. கல்யாணம் வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள். ஊசியும் நூலுமாக உழைத்து, தெருவின் கடைசியில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டவள். அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலையும் அவள்தான் அளவு சொல்லிப் போட வைத்தாள். தையல் அறைக்கு மட்டும் பெரிய ஜன்னல், பகல் வெளிச்சம் முழுக்க மெஷின்மேல் விழுகிற மாதிரி. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கசடுமேடு.

முன்னொரு காலத்தில் அங்கே செம்பு உருக்கும் ஆலை இருந்தது. ஆலை போய்விட்டது. உலையிலிருந்து வாரிக் கொட்டிய கசடு மட்டும் கருகருவென்று மேடாக நின்றுவிட்டது. கால் வைத்தால் பொலபொலவென்று சரியும். தண்ணீர் நிற்காது, புல் முளைக்காது. ஒரே ஒரு செடிக்குத்தான் அங்கே குடியிருக்கத் துணிச்சல் இருந்தது. அதற்குச் சுணைப்பூடு என்று பெயர். இலையெல்லாம் சுணை, தொட்டால் அரிக்கும். இதே சுணைப்பூடு ஆற்றங்கரையில் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வளரும். கசடுமேட்டிலோ ஒரு சாண்தான், சாம்பல் நிறம், கூனிக் குறுகி, பார்க்கவே பாவமாக இருக்கும்.

போன மழைக்குக் கசடு கொஞ்சம் சரிந்து கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர்வரை வந்துவிட்டது. நகராட்சி இன்ஜினியர் குடையும் ஜலதோஷமுமாக வந்து பார்த்தார். அடுத்த மழைக்குள் மேட்டில் செடி பிடித்துச் சரிவு கட்டுப்பட்டால் சரி, இல்லையென்றால் கடைசி வரிசை காலி செய்ய வேண்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

“நான் எங்கயும் வரமாட்டேன். இது என் வீடு,” என்றாள் நாத்தனார்.

“நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா,” என்றான் தம்பி. அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். மேலே போவதும் கீழே வருவதும்தான் தொழில். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவிலும் அதே வேலைதான், அங்கே கூலி கிடையாது.

“உன் வீட்டுல வந்து ஒண்டிக்கிட்டுக் கிடக்கச் சொல்றியா? உன் பொண்டாட்டி என் மெஷின்ல எத்தனை பல்சக்கரம் இருக்குன்னு எண்ணிக்கிட்டு நிப்பா. ஆளை விடுடா சாமி!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கை தையல் மெஷினின் தலையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பூதக்கண்ணாடி பார்த்துவிட்டாள். பார்த்ததும் மனசு கரைந்துபோயிற்று. கரைந்த மனசோடு பேசினால் வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

“யாரும் எங்கயும் போக வேண்டாம் அண்ணி. மேட்டை நான் பிடிச்சு நிறுத்துறேன்.”

“நீயா?”

“நான் இல்ல. என் செடி.”

சும்மா அளக்கவில்லை. நிலையத்தில் அவளிடம் சரக்கு இருந்தது. ஆற்றங்கரைச் சுணைப்பூட்டுக்குக் குரோமோசோம் பதினாறு. அம்மா வழியில் ஒரு தொகுதி, அப்பா வழியில் ஒரு தொகுதி, ஆக இரண்டு. அந்த விதைகளைச் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். அந்த மருந்து செல்லைப் பிரியவிடாது. பிரிவதற்காக இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய வழியில்லாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். பதினாறு முப்பத்திரண்டாகும், இரண்டு தொகுதி நாலாகும். அப்படி வந்த செடிகள் சின்னச் சின்னத் தொட்டிகளில், தட்டுத் தட்டாக நிலையத்தில் நின்றன. இலை ஒவ்வொன்றும் தடிமன், தண்டு விரல் பருமன். பேராசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவற்றைக் காட்டிக் காட்டி உச்சி குளிர்ந்துபோவார். கஷ்டமான மண்ணில் நாலு தொகுதிச் செடிகள்தான் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்கள் தொழிலில் பலமுறை கண்ட சங்கதி. அப்புறம் என்ன?

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. மேட்டில் இருக்கிற கூனல் செடிகள் எந்த ரகம்? பூதக்கண்ணாடி போய் ஒரு செடியை எடுத்தாள். மேட்டின் அடிவாரத்தில், தெருக்குழாய்க்குப் பக்கத்தில், சுலபமாகக் கைக்கு வந்த செடி. வேர்நுனியை நசுக்கி எண்ணினாள். பதினாறு. சரி, ஆற்றங்கரைச் சாதிதான், மண் சரியில்லாமல் நோஞ்சானாகக் கிடக்கிறது என்று முடிவு கட்டினாள். இன்னொரு செடியை எடுத்து எண்ணியிருக்கலாம். மேலே ஏறி எடுத்திருக்கலாம். ஏறவில்லை. எண்ணிக்கை கையில் கிடைத்துவிட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும், அது அவள் சுபாவம்.

அதோடு விட்டாளா? பழைய செடிகளையெல்லாம் களைந்தால்தான் நடுவேன் என்றாள். இரண்டு தொகுதிச் செடியின் மகரந்தம் நாலு தொகுதிச் செடியில் விழுந்தால் பிறக்கிற பிள்ளைக்கு மூன்று தொகுதி. மூன்றை இரண்டாகப் பங்கு வைக்க முடியாது. அதனால் அது விதை வைக்காத மலடாகிவிடும். நோஞ்சான் செடிகள் பக்கத்தில் இருந்தால் நல்ல செடியின் வம்சமே போச்சு. கடைசி வரிசை மொத்தமும் மேட்டில் ஏறிற்று. நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள்.

“ஏ பூதக்கண்ணாடி! இது பிடுங்கினா வரமாட்டேங்குதே!”

“நல்லா இழுங்க அண்ணி.”

“இழுத்தா கை அரிக்குது, தண்டு அறுந்துபோகுது. வேர் கீழ எங்கேயோ பாதாளத்துல இருக்குடி!”

கடைசியில் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்கள். அத்தனை பேருக்கும் கை வீங்கியது. பூதக்கண்ணாடியோ கீழே நின்று தன் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் செடியைப் பிடுங்க ஏன் கடப்பாரை வேண்டியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“எல்லாம் சுத்தம்!” என்று சாயங்காலம் நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சொன்னாள். பூதக்கண்ணாடி நம்பினாள். அடுத்த நாளே நடவு.

நட்ட செடிகள் சும்மா சொல்லக்கூடாது, ஜோராக நின்றன. நாத்தனார் காலையும் மாலையும் குழாய் போட்டுத் தண்ணீர் காட்டினாள். தைக்கத் துணி கொண்டுவந்தவர்களையெல்லாம் ஜன்னலோரம் அழைத்துப்போய்க் காட்டினாள். “என் தம்பி பொண்டாட்டி வச்சது. ஒவ்வொண்ணுக்கும் நாலு மடங்கு தெம்பு. எண்ணிப் பாத்து வச்சிருக்கா,” என்பாள். கருப்பு மேடு பச்சையாகிவிட்டது. தெருவே பூதக்கண்ணாடியைக் கண்டால் நின்று பேச ஆரம்பித்தது.

மழைக்கு முந்தின மாசம், இன்ஜினியர் வருவதற்குச் சில நாள் இருக்கையில், நட்ட செடிகளின் வேர்நுனியை எடுக்க அவள் மேட்டுக்குப் போனாள். எண்ணிக்கை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கமான வேலைதான். முதல் செடியைப் பிடித்து லேசாக இழுத்தாள்.

வந்துவிட்டது.

இரண்டு விரலால் இழுத்த இழுப்புக்கு முழுச் செடியும் கையோடு வந்துவிட்டது. வேர் தொட்டி வடிவத்தில், தொட்டியின் அடித் துளை வடிவம்கூட மாறாமல் அப்படியே இருந்தது. நிலையத்து உரமண்ணுக்குள்ளேயே வேர்கள் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. ஒரு வேர்கூடக் கசடுக்குள் இறங்கவில்லை. இறங்க முயன்ற ஒன்றிரண்டின் நுனி கருகிப்போயிருந்தது. அடுத்ததை இழுத்தாள், அதுவும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எந்தச் செடியும் கசடில் நிற்கவில்லை, தான் கொண்டுவந்த மண்ணுருண்டையில் உட்கார்ந்து நாத்தனார் ஊற்றின தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய மழை வந்தால் மேட்டோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும்.

இழுத்தவற்றைத் திரும்பப் புதைத்துவிட்டு, கால் போன போக்கில் சரிவைச் சுற்றிக்கொண்டு நாத்தனார் வீட்டுக் குளியலறைச் சுவருக்குப் பின்னால் வந்தாள். அங்கே சாம்பல் நிறத்தில், கூனிக் குறுகி, ஒரு கூட்டம் சுணைப்பூடு நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் பிடுங்கப்படவில்லை. எல்லாம் சுத்தமாம்! முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் இங்கிருந்து மகரந்தம் பறந்திருக்குமே என்று பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து ஒன்றை வெடுக்கென்று இழுத்தாள். தண்டு அறுந்து கையில் வந்தது. வேர் அசையவில்லை. அரிக்கிற உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடப்பாரை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கையாலேயே பறித்துத் தோண்டினாள். நகம் போயிற்று. முழங்கை ஆழத்திலும் வேர் முடியவில்லை, பக்கவாட்டில் ஓடிக் கசடுக்கட்டிகளைக் கவ்விக்கொண்டிருந்தது. நுனியில் கொஞ்சம் கிள்ளிக் குப்பியில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடினாள்.

அன்றைக்கு அழுத்தின அழுத்தில் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது கண்ணாடியில் எண்ணினாள். மூன்று செல், நாலு செல் என்று மாற்றி மாற்றி எண்ணினாள். முப்பத்திரண்டு.

கணவன் வந்தபோது அவள் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டுக்கும் ஒரே எண்ணிக்கைங்க,” என்றாள். “என்னோடதும் முப்பத்திரண்டு. அந்தக் கூனலும் முப்பத்திரண்டு.”

“அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?”

“அப்படித்தான் நானும் நினைச்சேன். என்னோடது ஒரு பாட்டில்ல, ஒரே நாள்ல முப்பத்திரண்டு ஆச்சு. அது என்னைக்கு ஆச்சோ, யாருக்குத் தெரியும்? ஆனதுக்கப்புறம் அந்தக் கசடுலயே பொறந்து, பாதி செத்து, மிஞ்சினது விதை போட்டு, அதுல பாதி செத்து... அப்படியே வந்திருக்கு. நாலு தொகுதி இருந்தா கையில உபரி இருக்கும். ஒண்ணு பழைய வேலையைப் பாத்துக்கும், இன்னொண்ணு புதுசா எதையாவது பழகிக்கலாம். அந்த மண்ணு பழகினது அப்படித்தான். ஆனா பழகணும்ல? எண்ணிக்கை வந்தா போதும்னு நான் நினைச்சுட்டேன். கீழ குழாயடியில ஆத்து மணலோட வந்து முளைச்ச ஒத்தைச் செடியைப் பாத்துட்டு, மேல இருந்ததையெல்லாம் நானே பிடுங்கச் சொன்னேன்.”

அவன் பற்றவைக்காத அடுப்பைப் பார்த்தான். “இன்ஜினியர் இழுத்துப் பாப்பாரா?”

“மாட்டார். பச்சையா இருக்கான்னுதான் பாப்பார்.”

“பாத்தா?”

“கையெழுத்துப் போட்டுடுவார். அண்ணி வீட்டுலயே இருந்துக்கலாம்.”

“மழை வந்தா?”

தையல் அறையின் பெரிய ஜன்னல் இரண்டு பேர் மனக்கண்ணிலும் ஒரே சமயத்தில் தெரிந்தது. அவன்தான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். “அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிடேன்,” என்றான் மெதுவாக.

சொல்லத்தான் போனாள். இரண்டு முறை போனாள். முதல்முறை நாத்தனார் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை அதை மாட்டிவிட்டு, நாற்காலியின்மேல் நின்று, “எப்படி இருக்கு?” என்று கேட்டாள். பூதக்கண்ணாடி சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, நல்லா இருக்கு அண்ணி என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கோழைத்தனத்துக்கு அப்புறம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

இன்ஜினியர் வந்த அன்று கடைசி வரிசை மொத்தமும் மேட்டடியில் கூடியிருந்தது. நாத்தனார் நல்ல புடவை கட்டியிருந்தாள். இன்ஜினியர் குடையை நீட்டி இந்தப் பக்கம் காட்டினார், அந்தப் பக்கம் காட்டினார், தும்மினார், முகம் மலர்ந்தார்.

“பிரமாதம்மா! நான் எதிர்பார்க்கவே இல்ல. இப்படிப் பச்சைப்பசேல்னு...” என்று பேனாவை எடுத்தார்.

“இவதான் சார்! எங்க பூதக்கண்ணாடி!” என்று நாத்தனார் அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

அந்தக் கை தோளில் இருக்கும்போதே அவள் குனிந்தாள். காலடியில் இருந்ததிலேயே பெரிய செடியாகப் பார்த்து, இரண்டு விரலால் தண்டைப் பிடித்துத் தூக்கினாள். தொட்டி வடிவ வேரோடு அது எழுந்து வந்தது. அதை இன்ஜினியரின் கையில் வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததையும் தூக்கினாள்.

“ஒண்ணும் வேர் பிடிக்கல சார்,” என்றாள். “எல்லாம் மேல சும்மா உக்காந்திருக்கு. இந்த மழையைத் தாங்காது. தப்பு என்னோடது. இங்க நிக்கிற செடி எதுன்னு இப்பதான் எனக்குத் தெரியும். அதோட விதையைப் போட்டு வளர்த்தா அடுத்த மழைக்கு நிக்கும். இந்த மழைக்கு... இங்க யாரும் இருக்கக் கூடாது.”

இன்ஜினியர் செடியையும் குடையையும் பேனாவையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனாவை மூடினார். தோளிலிருந்த கை எப்போது விலகிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை, கத்தவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரமே நாத்தனார் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தையல் மெஷின் ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்தது. அந்த ஜன்னல் சின்னது. மதியத்துக்கு மேல் வெளிச்சம் வராது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தாள், விளக்குப் போடச் சொன்னால் போடமாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் தம்பியிடம் பேசினாள்.

“டேய், குளியலறைத் தண்ணி ஒழுகுதுன்னு வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லு.”

வீட்டில் இருக்கிறவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். “ஒழுகுதாம்,” என்பான் அவன். “பிளம்பரைக் கூப்பிட்டிருக்கேன்னு சொல்லுங்க,” என்பாள் இவள். “கூப்பிட்டிருக்காளாம்,” என்பான். தன் தொழில் இப்படி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவன் நினைக்கவில்லை. எந்த மாடியிலும் கதவு திறக்கவில்லை.

பூதக்கண்ணாடி என்கிற பெயர் அந்த வீட்டிலிருந்தே போய்விட்டது. அந்தப் பெயருக்காக ஒரு காலத்தில் எரிச்சல்பட்டவள், இப்போது அது காதில் விழாதா என்று ஏங்கினாள். சாப்பாடு வைத்தால் நாத்தனார் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். பூதக்கண்ணாடி தினமும் நிலையத்துக்குப் போய் வேர்களை நசுக்கினாள், எண்ணினாள், வீட்டுக்கு வந்தாள். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்துவிட்டு இப்படி மனசு கனக்கும் என்று தெரியாது.

மழை வந்தது. முதல் இரண்டு நாள் தூறல்தான். நாத்தனார் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் போய்...” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிற்று. அன்று நடுப்பகலில் தெருக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். “யாருக்கும் ஒண்ணும் இல்லையே?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான்.

மழை விட்டதும் மூன்று பேரும் போனார்கள்.

மேட்டின் முகமே மாறியிருந்தது. பச்சைப் போர்வை மொத்தமாக உருவப்பட்ட மாதிரி கீழே வந்து குவிந்து கிடந்தது. நிலையத்துச் செடிகள் தொட்டி வடிவ வேர்களோடு தெருவில் உருண்டு கிடந்தன, இன்னும் பச்சையாகவே. நாத்தனார் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். முன்னறை சரியாக இருந்தது. தையல் அறைக் கதவைத் தள்ள முடியவில்லை. தம்பி தோள் கொடுத்துத் தள்ளி, விரிசல் வழியாகப் பார்த்தார்கள். பெரிய ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை. கசடு உள்ளே பாய்ந்து, தைக்கிற மேஜை உயரத்துக்கு அறையை நிறைத்திருந்தது. புதுத் திரைச்சீலையின் ஒரு நுனி மட்டும் கருப்புக்கு நடுவில் துருத்திக்கொண்டு தெரிந்தது. மெஷின் வழக்கமாக நிற்கிற இடம், அதற்கு எதிரே முக்காலி இருக்கிற இடம், எதுவும் தெரியவில்லை.

நாத்தனார் ரொம்ப நேரம் அந்த விரிசலில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பகல்ல வந்திருக்கு,” என்றாள். “நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

தம்பி அக்காவின் கையைப் பிடிக்கப் போனான். அவள் தட்டிவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு தனியாக வெளியே போனாள். பூதக்கண்ணாடி தையல் அறை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முக்காலி இருந்த இடத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பின்னாலிருந்து முனகல் கேட்டது. அப்புறம் யாரையோ திட்டுகிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“ஏ பூதக்கண்ணாடி!”

அவள் நிமிர்ந்தாள்.

“உன்னத்தான்டி! காது கேக்கலையா? இங்க வா!”

ஓடினாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால், அந்த ஒரு மூலை மட்டும் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் மேடு வழிந்து இறங்கியிருக்க, நடுவில் கூனல் சுணைப்பூடுகள் நின்ற துண்டு அசையாமல் நின்றது. குளியலறைச் சுவரில் கீறல்கூட இல்லை. நாத்தனார் சேற்றில் கால் புதைய நின்றுகொண்டிருந்தாள். புடவையெல்லாம் கருப்பு. கையில் அறுந்த தண்டு ஒன்று. இன்னொரு கையால் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“எண்ணணும்னா வேர் வேணும்னு சொல்லுவியே, உனக்கு எடுத்துட்டு வரலாம்னு இழுத்துப் பாத்தேன். வரமாட்டேங்குது சனியன். ரெண்டு கையாலயும் இழுத்துட்டேன்.” மூச்சு வாங்கியது. குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். “அன்னிக்கு இடுப்பு விட்டுப்போச்சு, இந்த மூலையை விட்டுட்டு எல்லாம் சுத்தம்னு உன்கிட்ட பொய் சொன்னேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

பூதக்கண்ணாடிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நாத்தனார் பக்கத்தில் வந்து, சேறும் சுணையுமான கையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் அரித்தது. இரண்டு பேரும் முகத்தைச் சொறிந்துகொண்டே அழுதார்கள்.

“கடப்பாரை எடுத்துட்டு வரட்டுமா? வேர் வேணும்ல உனக்கு?”

“வேண்டாம் அண்ணி. அது அங்கயே இருக்கட்டும்.”

“அப்போ விதையையாவது பொறுக்கு. நின்னு அழுதுட்டிருந்தா மேடு நிக்குமா?” என்று நாத்தனார் முந்தானையை விரித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள். “டேய்! நீ என்ன அங்க நின்னு வேடிக்கை பாக்கிறே? ஒரு வாளி கொண்டா. உன் பொண்டாட்டி எண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள நாம அள்ளிடணும்.”

அவன் வாளி தேடப் போனான். பூதக்கண்ணாடி நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முற்றின பூத்தலைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, விதைகளை அவள் முந்தானையில் உதிர்த்தாள். அன்றைக்கு அவள் ஒன்றையும் எண்ணவில்லை.